குழுவாகப் புறப்பட்டு, தனியாக ஏறுவது: மலைப்பாதை நெடுந்தூர சைக்கிள் பயணத்துக்கு ஒரு வழிகாட்டி

என் முதல் மலைப் பயணம் 110 கிலோமீட்டர். 40ஆவது கிலோமீட்டரிலேயே கால்கள் என்னைக் கைவிட்டுவிட்டன. பெரிய ஏற்றம் அதுவரை தொடங்கியிருக்கவே இல்லை. நடந்தது இவ்வளவுதான்: காலையில் புறப்பட்டதும் என்னைவிடப் பலசாலிகளான ஏழெட்டுப் பேர் கடந்து போனார்கள், நான் அவர்கள் பின்னால் ஒட்டிக்கொண்டேன். சமதளத்தில் சுகமாகத்தான் இருந்தது. வழியில் சின்ன மேடு வரும்போதெல்லாம், அவர்களை விட்டுவிடக் கூடாதே என்று கொஞ்சம் அழுத்தி மிதித்தேன். அப்படி வாங்கிய கடனெல்லாம் அடிவாரத்தில் வட்டியோடு வந்து நின்றது. அன்று ஏற்றத்தில் என்னைக் கடந்து போனவர்களில், புறப்படும்போது நான் ஒரு பொருட்டாகவே நினைக்காத நரைத்த தலைக்காரர் ஒருவரும் உண்டு. ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி போனார்.

அதனால் இந்தப் பயணங்களுக்கு என்ன வேண்டும் என்று யாராவது கேட்டால், கால் பலத்தை இரண்டாவதாகத்தான் சொல்வேன். யார் பின்னால் ஒட்டிக்கொள்வது, எந்த இடத்தில் அவரைப் போகவிடுவது என்று தெரிந்திருப்பது அதைவிட முக்கியம். கீழே சொல்லும் ஏற்பாடுகள் பெரும்பாலும் அதற்குத் துணை செய்பவைதான்.

எதில் சேர்வது

பலர் சேர்ந்து ஓட்டும் நெடுந்தூர நிகழ்வுகள் எல்லாம் ஒரே மாதிரி அல்ல. இத்தாலியில் வேர்கொண்ட கிரான் ஃபோண்டோ வகையில் எண் அட்டை தருவார்கள், நேரம் குறிப்பார்கள், வழியில் உணவும் தண்ணீரும் இருக்கும். முன்வரிசையில் நிற்கும் சிலருக்கு அது போட்டி. பின்னால் வரும் பெரும்பாலோருக்கு நீண்ட பயணம். பிரான்ஸில் 1993இல் தொடங்கிய லெடாப் து துர் இதே வகைதான். டூர் டி பிரான்ஸ் வீரர்கள் ஓட்டும் மலைப் பாதை ஒன்றையே அதில் பொதுமக்களும் ஓட்டுகிறார்கள்.

ப்ரெவே என்னும் வகையின் குணம் வேறு. 200 கிலோமீட்டரை 13 மணி 30 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். இடையிலுள்ள சரிபார்ப்பு நிலையங்களில் அட்டையில் முத்திரை வாங்க வேண்டும். பழுதானால் நீங்களேதான் பார்த்துக்கொள்ள வேண்டும். முதலில் வந்தவர், கடைசியில் வந்தவர் என்ற பேச்சே அங்கே கிடையாது. அளவுக்கு மீறி வேகமாகப் போனால் நிலையம் திறந்திருக்காது என்பதும் அதன் விதிதான்! எனக்கு மிகவும் பிடித்த விதி அது. ஆனாலும் முதல்முறை போகிறவர், உணவு நிலையங்களும் உதவி வண்டியும் உள்ள நிகழ்வில் சேர்வதே நல்லது.

அடுத்து தூரம். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். மலைப் பயணத்தில் கிலோமீட்டர் பாதிக் கதைதான். மொத்தம் எத்தனை மீட்டர் உயரம் ஏறுகிறோம் என்பதே மீதி. 100 கிலோமீட்டருக்கு 1,000 மீட்டர் ஏற்றம் என்றால் புதியவர் நன்கு தயாராகிப் போனால் சமாளித்துவிடலாம். அதே தூரத்தில் 2,000 மீட்டர் என்றால் அது முழுக்க மலைநாள். இத்தாலியின் மராத்தோனா டலெஸ் டோலமைட்ஸ் நிகழ்வின் நீண்ட பாதை 138 கிலோமீட்டர், 4,230 மீட்டர் ஏற்றம். அதன் குறும்பாதை 55 கிலோமீட்டர்தான், ஆனால் 1,780 மீட்டர் ஏற வேண்டும். வகுத்துப் பாருங்கள்: ஒரு கிலோமீட்டருக்கு இரண்டிலும் ஏறத்தாழ ஒரே ஏற்றம். குறும்பாதை என்றதும் மேடு குறைவு என்று எண்ணிச் சேர்கிறவருக்கு முதல் வளைவிலேயே உண்மை தெரிந்துவிடும்.

சராசரிச் சாய்வையும் அப்படியே நம்ப வேண்டாம். 8 கிலோமீட்டர் ஏற்றம், சராசரி 6 சதவீதம் (அதாவது 100 மீட்டர் போனால் 6 மீட்டர் உயர்வு) என்று போட்டிருப்பார்கள். நடுவில் 2 கிலோமீட்டர் சமதளம் இருந்தால், மீதி 6 கிலோமீட்டரும் 8 சதவீதம் என்று ஆகிறது. 6 சதவீதத்தில் பேசிக்கொண்டு ஏறுகிறவர் 8 சதவீதத்தில் வாயை மூடிக்கொள்வார். பாதையின் உயர வரைபடத்தை எடுத்து, எந்தக் கிலோமீட்டரில் ஏற்றம் தொடங்குகிறது, எங்கே மிகவும் செங்குத்து, எங்கே மூச்சுவிட இடம் கிடைக்கிறது என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி ஹேண்டில்பார் அருகே ஒட்டிவையுங்கள். கையிலிருக்கும் கருவி எல்லாம் காட்டும்தான். ஆனால் களைத்த கண்ணுக்குத் தடித்த எழுத்து எளிது.

சேர்வதற்கு முன் நேரக் கெடுவையும் பார்த்துவிடுங்கள். உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று கணிக்க ஓர் எளிய வழி உண்டு. பக்கத்தில் உள்ள ஏதாவது ஒரு மேட்டில் நிதானமாக ஏறி, ஒரு மணி நேரத்துக்கு எத்தனை மீட்டர் உயரம் ஏறுகிறீர்கள் என்று கணக்கிடுங்கள். மணிக்கு 500 மீட்டர் என்று வந்தால், 1,500 மீட்டர் ஏற்றத்துக்கு 3 மணி நேரம் வேண்டும். சமதளத்துக்கும் இறக்கத்துக்கும் உங்கள் வழக்கமான வேகத்தில் நேரம் போட்டு, நின்று சாப்பிடும் நேரத்தையும் கூட்டுங்கள். வரும் தொகைக்கும் கெடுவுக்கும் நடுவில் ஒரு மணி நேரமாவது இடைவெளி இல்லையென்றால் குறைந்த தூரப் பிரிவுக்குப் பெயர் கொடுங்கள்.

கியருக்கு வெட்கப்படாதீர்கள்

சைக்கிள் விலை உயர்ந்ததா, எடை குறைந்ததா என்பதைவிட, அதன் மிகச் சிறிய கியர், அதாவது மிதிக்க மிக எளிதான கியர், போதுமான அளவு சிறியதா என்று பாருங்கள். முன்பக்கப் பல்சக்கரத்தில் 34 பல், பின்பக்கத்துப் பெரிய பல்சக்கரத்தில் 34 பல் என்றால் பெடல் ஒரு சுற்றுச் சுற்ற, சக்கரமும் ஒரு சுற்றுச் சுற்றும். அதாவது சுமார் 2.1 மீட்டர். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு ஏழரை கிலோமீட்டர் வேகம். அதே கால் வேகத்துக்குப் பின்பக்கம் 28 பல்தான் என்றால் மணிக்கு 9 கிலோமீட்டருக்கு மேல் போயாக வேண்டும். செங்குத்தான இடத்தில் அந்த வேகத்துக்குப் பலம் இல்லாவிட்டால், பெடல் மெதுவாகி, ஒவ்வொரு மிதியும் படிக்கட்டு ஏறுவது போலாகி, முழங்கால் வலிக்கத் தொடங்கும்.

சிறிய கியர் போட்டு ஏறுவது பலவீனம் என்ற எண்ணம் பழையது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே பிரான்ஸில் வெலோசியோ என்ற புனைபெயர் கொண்ட போல் து விவி, கியர் மாற்றும் சைக்கிள்களுக்காக வாதாடிவந்தார். ஆனாலும் டூர் டி பிரான்ஸில் போட்டியிடும் வீரர்களுக்குக் கியர் மாற்றி அனுமதிக்கப்பட்டது 1937இல்தான். அந்த வீண் பெருமையை நாமும் சுமக்க வேண்டியதில்லை. பின்பக்கப் பல்சக்கரத் தொகுப்பை மாற்றிக்கொள்வது உங்கள் வண்டிக்குப் பொருந்துமா என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள்.

அதே தடவையில் பிரேக் கட்டைகள், செயின் தேய்மானம், டயரில் வெட்டுகள் ஆகியவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். இதை நிகழ்வுக்கு இரண்டு வாரம் முன்பே செய்துவிடுங்கள். முந்தின நாள் மாற்றிய எதையும் நம்பி மலை இறங்கக் கூடாது. கொண்டுபோக வேண்டியவை: இரண்டு டியூப், டயர் நெம்பி, பம்ப், பல்நோக்குச் சாவிக் கருவி, உங்கள் செயினுக்குப் பொருந்தும் ஓர் இணைப்பு. வீட்டிலேயே ஒருமுறை பின்சக்கரத்தைக் கழற்றி டியூப் மாற்றிப் பழகுங்கள். மழையில், நடுங்கும் விரல்களோடு, முதல்முறையாகக் கற்றுக்கொள்ளும் வித்தை அல்ல அது.

பயிற்சி

ஓரளவு ஓட்டிப் பழகியவருக்கு 12 வாரம் போதும். வாரம் மூன்று நாள் ஓட்டுங்கள். ஒன்று நீண்ட பயணம், ஒன்று மேடு, ஒன்று நிதானமானது. நீண்ட பயணத்தை வாரந்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, நிகழ்வு தூரத்தின் முக்கால் பங்கு வரை கொண்டுவாருங்கள். முழுத் தூரத்தையும் முன்கூட்டியே ஓட்டிப் பார்க்க வேண்டியதில்லை. மூன்று வாரத்துக்கு ஒருமுறை சற்றுக் குறைத்துக்கொள்ளுங்கள். கடைசி வாரத்தில் பாதிக்கும் கீழே குறைத்துவிடுங்கள். அந்த வாரம் மிதிப்பதால் பலம் கூடாது, களைப்புதான் கூடும்.

பக்கத்தில் மலை இல்லாதவர்கள் எதிர்க்காற்றைத் தேடிப் போகலாம். காற்றை எதிர்த்து, உட்கார்ந்தபடியே, இருபது நிமிடம் சீராக மிதிப்பது ஏற்றத்துக்கு மிக நெருங்கிய பயிற்சி. பாலம் ஒன்றைப் பத்து முறை ஏறி இறங்குவது சலிப்பூட்டும், ஆனாலும் பலன் உண்டு. இறக்கத்தை மட்டும் சமதளத்தில் கற்க முடியாது. அதற்காக ஒரு நாளாவது உண்மையான மலைச் சாலைக்குப் போய்வாருங்கள்.

நான்கைந்து பேரோடு சேர்ந்து ஓட்டும் பழக்கமும் முன்பே வேண்டும். ஆயிரம் பேர் நடுவில் போய் அதைக் கற்கக் கூடாது.

சாப்பாடு, தண்ணீர், உடை

உடலில் சேமித்துள்ள மாவுச்சத்து, கடுமையாக மிதித்தால் இரண்டு மணி நேரத்துக்குள் தீரத் தொடங்கும். அது தீர்ந்தபின் சாப்பிட்டால் உடல் தேற நெடுநேரம் ஆகும். மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். நடுத்தர அளவு வாழைப்பழம் ஒன்றில் சுமார் 25 கிராம் இருக்கிறது. பசிக்கும் வரை காத்திருக்காதீர்கள். 20 நிமிடத்துக்கு ஒருமுறை கடிகாரத்தை ஒலிக்கச் செய்து, இரண்டு வாய் தின்று, இரண்டு மிடறு குடியுங்கள். செங்குத்தில் மூச்சிரைக்கும்போது மென்று விழுங்க முடியாது. ஏற்றம் தொடங்குவதற்குக் கால் மணி நேரம் முன்பே சாப்பிட்டுவிடுங்கள்.

தண்ணீர் மணிக்கு அரை லிட்டர் முதல் முக்கால் லிட்டர், வெயிலைப் பொறுத்துக் கூடக்குறைய. அளவுக்கு மீறி வெறும் தண்ணீராகக் குடித்துக்கொண்டே இருந்தால் இரத்தத்தில் உப்பின் அளவு குறைந்து ஆபத்தாகும். ஒரு குப்பியில் உப்புச்சத்து கலந்து வைத்துக்கொள்ளுங்கள்.

உடையில் இரண்டே சொல்கிறேன். பஞ்சு வைத்த சைக்கிள் கால்சட்டைக்கு உள்ளே வேறு எதுவும் அணியக் கூடாது. தையல் உராய்ந்து தோல் கிழிந்துவிடும். கூச்சத்தால் யாரும் இதைச் சொல்லித் தருவதில்லை. இரண்டாவது, மடித்தால் உள்ளங்கையில் அடங்கும் காற்றுத் தடுப்புச் சட்டை. ஒவ்வொரு ஆயிரம் மீட்டருக்கும் ஆறு, ஏழு டிகிரி வரை வெப்பம் குறைகிறது. ஏறும்போது வியர்த்து நனைந்த உடம்போடு 50 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கினால் பல் தந்தியடிக்கும். சட்டை இல்லையென்றால், அந்தக் காலத்துப் பந்தய வீரர்களைப் போல உச்சியில் ஒரு செய்தித்தாளை வாங்கி நெஞ்சுக்கும் உடைக்கும் நடுவில் செருகிக்கொள்ளலாம். நான் செய்திருக்கிறேன், சரசரக்கும், ஆனால் குளிர் ஏறாது.

முதல் மணி நேரம்

புறப்படும் இடத்தில் நடுப்பகுதிக்குப் பின்னால் நில்லுங்கள். முன்வரிசையில் நின்றால் உங்களை விட வேகமானவர்கள் இருபுறமும் உரசிக்கொண்டு போவார்கள், உங்களுக்கும் வேகம் தொற்றிக்கொள்ளும். உடல் புத்துணர்ச்சியாக இருக்கும், கூட்டம் உற்சாகமாக இருக்கும், எந்த வேகமும் எளிதாகவே தோன்றும். இந்த நேரத்தில் மனத்தை நம்பாமல் மூச்சை நம்புங்கள். பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா? அப்படியானால் சரியான வேகம். இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சு என்று வந்துவிட்டால் குறைத்துக்கொள்ளுங்கள்.

சமதளத்தில் குழு ஒரு வரம். முன்னால் போகிறவர் காற்றைப் பிளந்து தருவதால், பின்னால் ஒட்டிப் போகிறவருக்குக் கால் பங்கு உழைப்பாவது மிச்சமாகும். புதியவர் ஒரு சக்கர அளவு இடைவெளி விட்டால் போதும்; இன்னும் நெருங்கிப் போவதால் கிடைக்கும் லாபம் அந்தப் பதற்றத்துக்கு ஈடாகாது. முன்னால் இருப்பவரின் சக்கரத்தையே உற்றுப் பார்க்காமல், அவர் இடுப்பையும் அதற்கு அப்பாலுள்ள சாலையையும் பாருங்கள். உங்கள் முன்சக்கரம் அவருடைய பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் ஒருபோதும் நுழையக் கூடாது. அவர் சற்று விலகினால் இரண்டும் உரசும். விழுவது பெரும்பாலும் பின்னால் இருப்பவர்தான்.

திடீர் பிரேக் கூடாது. வேகம் கூடிவிட்டால் மிதிப்பதை நிறுத்தி, உடம்பை நிமிர்த்தினால் காற்றே குறைத்துவிடும். பள்ளத்தைக் கையால் சுட்டிக் காட்டுங்கள், முடியாவிட்டால் குரல் கொடுங்கள். முன்னாலிருந்து வரும் எச்சரிக்கையைப் பின்னால் கடத்துங்கள். எழுந்து நின்று மிதிக்கும்போது வண்டி ஒரு கணம் பின்னடைவதால், பின்னால் யாராவது இருந்தால் மிதியை விடாமல் மெல்ல எழுந்திருங்கள். முன்னால் போகும் முறை வந்தால் வேகத்தைக் கூட்டிக் காட்டாமல் அதே வேகத்தில் இரண்டு நிமிடம் இழுத்துவிட்டு விலகுங்கள். எப்போதும் பின்னாலேயே ஒட்டி வருகிறவரை யாருக்கும் பிடிக்காது என்பதும் உண்மை. ஆனால் முடியாதபோது முடியாது என்று சொல்பவரை யாரும் தவறாக நினைப்பதில்லை.

சாலை வாகனங்களுக்கு மூடப்பட்டிருக்கிறதா என்று முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மூடப்படவில்லை என்றால் எண் அட்டை மாட்டியிருப்பதால் எந்தச் சலுகையும் இல்லை. சிவப்பு விளக்கு சிவப்பு விளக்குதான்.

ஏற்றம்

மலையில் குழு தானாகக் கலைந்துவிடும். மணிக்கு எட்டு கிலோமீட்டர் வேகத்தில் காற்று ஒரு தடையே அல்ல. எனவே முன்னால் போகிறவரால் உங்களுக்குக் கிடைக்கும் உதவி ஏறக்குறைய பூஜ்யம். அவரவர் எடையை அவரவரே தூக்கிக்கொண்டு போக வேண்டும். ஒட்டிக்கொண்டிருக்க இனிக் காரணமே இல்லை. அடிவாரத்தில் நண்பர் போனால் போகட்டும், உச்சியில் பார்த்துக்கொள்ளலாம் என்று முந்தின நாளே பேசிவைத்துக்கொள்ளுங்கள். பேசிவைக்காத நட்புகள் ஐந்தாவது கிலோமீட்டரில் முறைத்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

ஏற்றத்தின் முதல் பத்து நிமிடம், "இது போதாதே" என்று தோன்றும் அளவு மெதுவாகப் போங்கள். சாய்வு கூடுவதற்கு முன்பே கியரைக் குறையுங்கள்; முழுப் பலத்தோடு அழுத்தும்போது மாற்றினால் செயின் முரண்டு பிடிக்கும். உட்கார்ந்தே மிதியுங்கள். சில நிமிடத்துக்கு ஒருமுறை, அரை நிமிடம் எழுந்து மிதித்தால் இடுப்புக்கு ஓய்வு. ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்திருக்கிறீர்களா என்று அவ்வப்போது கவனியுங்கள். கை இறுகினால் தோளும் இறுகும், அந்தச் சக்தியெல்லாம் வீண். கொண்டை ஊசி வளைவில் உட்பக்கம் மிகவும் செங்குத்தாக இருக்கும். வாகனம் வரவில்லையென்றால் உங்கள் பக்கத்துச் சாலையின் எல்லைக்குள் சற்று அகலமாக எடுத்துத் திரும்புங்கள்.

நீண்ட ஏற்றத்தை ஒரே துண்டாக நினைத்தால் மனம் தளரும். பிரான்ஸின் ஆல்ப் துவேஸ் மலையில் 21 வளைவுகளுக்கும் எண் போட்டிருக்கிறார்கள். கீழே 21இல் தொடங்கி மேலே போகப் போகக் குறையும். உங்கள் மலையில் பலகை இல்லாவிட்டாலும் வளைவுகளை இறங்குமுகமாக எண்ணிப் பாருங்கள். அடுத்த வளைவு வரைக்கும் என்றால் யாராலும் போக முடியும்.

நடுவில் நின்று காட்சியைப் பாருங்கள். கீழே நீங்கள் ஏறி வந்த சாலை மடிப்பு மடிப்பாக விரிந்து கிடப்பதையும், அதில் சக பயணிகள் எறும்பு வரிசையாக ஊர்வதையும் பார்க்காமல் உச்சி தொட்டு என்ன செய்யப் போகிறீர்கள்? சாலையை விட்டு முழுவதும் ஒதுங்கி நில்லுங்கள். முடியாவிட்டால் இறங்கித் தள்ளிக்கொண்டு நடக்கவும் செய்யலாம். நின்று மீண்டும் ஏறும்போது, செங்குத்தில் நேராகக் கிளம்பத் திணறினால் சாலையில் சற்றுக் குறுக்காகத் தொடங்குங்கள், பின்னால் யாரும் வரவில்லை என்று பார்த்துவிட்டு.

உணவு நிலையங்களில் நேரம் கண்ணுக்குத் தெரியாமல் கரையும். ஐந்து இடத்தில் கால் மணி நேரம் வீதம் நின்றால் ஒன்றேகால் மணி நேரம் போய்விடும். குப்பியை நிரப்புங்கள், பையில் போட்டுக்கொள்ளுங்கள், கிளம்புங்கள்.

இறக்கம்

ஏற்றத்தில் தவறு செய்தால் களைப்போடு போகும். இறக்கத்தில் மணிக்கு 50 கிலோமீட்டர் என்பது ஒரு நொடிக்கு 14 மீட்டர். உச்சியில் நின்று சட்டையை மாட்டி, ஹெல்மெட் பட்டையைச் சரிபார்த்து, பிரேக்கை இருமுறை அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

வளைவுள்ள ஹேண்டில்பார் என்றால் கீழ்ப்பிடியைப் பிடியுங்கள். பிரேக்கில் பிடிமானமும் கூடும், உடலும் தாழும். வேகத்தை வளைவுக்கு முன்னாலேயே நேர்ச் சாலையில் குறைத்துவிடுங்கள். வளைவுக்குள் நுழைந்தபின் பிரேக்கை அழுத்தினால் சக்கரம் வழுக்கும். வெளிப்பக்கக் கால் கீழே, அதன்மேல் எடை. கண் வளைவின் முடிவில் இருக்கட்டும். பள்ளத்தாக்கையும் சாலையோரக் கல்லையும் பார்த்தால் வண்டியும் அங்கேதான் போகும். பார்வை போகும் இடத்துக்கு வண்டி போகும் என்பது மலையில் சட்டம் மாதிரி. பிரேக்கைத் தொடர்ந்து அழுத்திக்கொண்டே வராமல், அழுத்தி விடுங்கள், மீண்டும் அழுத்தி விடுங்கள். விளிம்பைப் பிடிக்கும் பழைய வகைப் பிரேக்கில் இடைவிடாத அழுத்தம் விளிம்பையே சூடாக்கி டியூபை வெடிக்க வைக்கலாம்.

ஏறும்போது உங்களிடம் தோற்றவர் இங்கே உங்களைக் கடந்து போவார். போகட்டும். இறக்கத்தில் முன்னால் போகிறவருக்கும் உங்களுக்கும் நல்ல இடைவெளி இருக்க வேண்டும், சமதளத்து நெருக்கம் இங்கே ஆகாது. ஈரச் சாலை, மரநிழலில் உதிர்ந்த இலை, வளைவில் சிதறிய சரளை ஆகியவற்றுக்கு இன்னும் குறையுங்கள். விரல்கள் மரத்துப் பிரேக்கை உணர முடியாமல் போனால் நின்று கையைத் தேய்த்துச் சூடேற்றுங்கள்.

இறங்கி முடித்ததும் சமதளத்தில் மறுபடியும் குழு தேடுங்கள். இப்போது எல்லோரும் களைத்திருப்பதால், காலையில் கிடைத்ததைவிடப் பொருத்தமான துணை கிடைக்கும். உங்கள் வேகத்தில் ஏறியவர்கள்தானே உங்களோடு இறங்கியிருப்பார்கள்!

கடைசியாக ஒன்று. வரிசையின் முடிவில் மெதுவாக ஒரு வண்டி வரும். பிரெஞ்சுக்காரர்கள் அதைத் துடைப்ப வண்டி என்று அழைக்கிறார்கள். கெடு தவறியவர்களையும் முடியாதவர்களையும் அதுதான் ஏற்றிக்கொள்ளும். தலைசுற்றல், நெஞ்சுவலி, குழப்பம், நிற்காத நடுக்கம் இவற்றில் எது வந்தாலும் காத்திருக்காமல் உதவி எண்ணை அழையுங்கள். வெறும் களைப்பு என்றால் வண்டி வரும் வரை நிழலில் உட்காரலாம். வேறு வழியில் வீடு திரும்ப முடிவு செய்தால் மட்டும், போகும் முன் அமைப்பாளர்களிடம் உங்கள் எண்ணைச் சொல்லிவிட்டுப் போங்கள். சொல்லாமல் போனவரைத் தேடி இருட்டிய பிறகும் மலை வளைவுகளில் விளக்கடித்துக்கொண்டு ஆட்கள் அலைந்த ஓர் இரவு எனக்குத் தெரியும். அவர் அப்போது வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார்.